உடம்பு ஏற்ற, வயிறு குறைக்க: யார் பேச்சைக் கேட்கலாம்?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் உடம்பைப் பற்றிச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. ஜிம்மில் மாஸ்டர், போனில் கோச், காலையில் ஷேக் கலக்கித் தரும் கிளப் அக்கா, எண்ணெய் தடவி நரம்பைப் பிடித்துவிடும் ஆசான், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்று எல்லோரிடமும் பதில் தயார். இத்தனை பேரில் ஒருத்தர்கூட 'எனக்குத் தெரியலியே' என்று சொல்வதில்லை, அதுதான் எனக்கு இடிக்கிறது.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்வி இப்போது இரட்டையாக வந்திருக்கிறது. குளச்சல் பக்கம் இருக்கும் சித்தப்பாவுக்கு வயது 54, ஏழெட்டு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார், வயிறு முன்னால் வந்துவிட்டது, எடையைக் குறைக்கணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், எப்படி என்று விளக்க அவருக்கு நேரமில்லை. அவர் மகனுக்கு 23. இஞ்சினியரிங் முடித்தவன், ஈர்க்குச்சி உடம்பு, வளைகுடாவுக்கு விமானம் ஏறுவதற்குள் சட்டை கையில் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. ரெண்டு பேரும் என்னிடம் கேட்டார்கள். நான் நிபுணன் ஒன்றும் இல்லை, வெயிட் தூக்குகிறவன், அதைப் பற்றிக் கிடைத்ததைப் படிக்கிறவன், அவ்வளவுதான். இருந்தாலும் கையில் இருக்கும் வழிகளை ரெண்டு பேருக்கும் பொருத்திப் பார்த்துச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளின் படிப்பையும் புஜத்தையும் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்ப்பது அவர் பிழைப்பு எதில் ஓடுகிறது என்பதை. சொல்லித்தருவதற்குக் காசு வாங்குகிறவர் ஒரு ரகம். சொல்லித்தருவது இலவசம், புரதப் பொடி டப்பாவில்தான் காசு என்றால் அது வேறு ரகம், அவர் வாயிலிருந்து 'உனக்கு இது தேவையில்லை' என்ற வார்த்தை வருவதற்கு வழியே கிடையாது.

தம்பிக்கு இயல்பான வழி பக்கத்து ஜிம்தான். மாதக் கட்டணம் கையைக் கடிக்காது, நடந்து போகிற தூரம், மாஸ்டர் கண்முன் நிற்கிறார். இப்படிக் கண்முன் ஒரு ஆள் நிற்பதைக் குறைத்து எடைபோடக் கூடாது. ஸ்குவாட்டில் (எடையோடு உட்கார்ந்து எழுவதில்) முட்டி உள்ளே மடங்குவதையும் டெட்லிஃப்டில் (தரையிலிருந்து கம்பியைத் தூக்குவதில்) முதுகு கூனுவதையும் ஒரு நல்ல மாஸ்டர் பிடிக்கிற மாதிரி போன் பிடிக்காது. நான் போகிற ஜிம்மில் ஒருத்தர் இருக்கிறார், பழைய ஆணழகன் போட்டிக்காரர், சுவரில் ஒரு சான்றிதழ் கிடையாது. புதிதாக ஒரு பையன் வந்தால் அவர் முதலில் கேட்பது, "என்ன வேலை பாக்குறே, ராத்திரி எப்பம் படுப்பே, எங்கயாவது அடிபட்டிருக்கா மக்கா?" அதற்குப் பிறகு 20 கிலோ வெறும் கம்பியைத் தோளில் கொடுத்து உட்கார்ந்து எழச் சொல்வார். பக்கவாட்டில் குத்தவைத்துக்கொண்டு, பையனின் இடுப்பு மட்டத்துக்குத் தன் கண்ணை இறக்கிப் பார்ப்பார். பையன் எவ்வளவு துடித்தாலும் அந்த வாரம் கம்பியில் பிளேட் ஏறாது.

இதே ஊரில் இன்னொரு ரகமும் உண்டு. முதல் நாளே நெஞ்சுக்கு ஆறு வகை, கைக்கு ஆறு வகை, மறுநாள் தலை சீவக் கை எழாது. கேட்டால் "வலிச்சாத்தான் வளரும்" என்பார்கள். பழகாத வேலையைக் கொடுத்தால் தசை வலிக்கும், பழகியதும் வலி குறையும், வலி குறைந்த பிறகும் தசை வளர்ந்துகொண்டுதான் இருக்கும். வலிக்கும் வளர்ச்சிக்கும் உள்ள உறவு அவ்வளவு தளர்ந்தது. அளவு மீறி வாட்டினால் தசை நார் உடைந்து, அதன் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும் ஆபத்தும் இருக்கிறது, ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். பயங்கர வலியோடு, சிறுநீர் கட்டன் சாயா (பால் இல்லாத டீ) நிறத்தில் போனால் ஜிம் மாஸ்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்காமல் நேரே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போக வேண்டும்.

சான்றிதழ் பார்த்துச் சேரலாமே என்று தம்பி கேட்டான். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் டாக்டருக்கோ வக்கீலுக்கோ இருப்பது மாதிரி, இந்தப் படிப்பு படித்துப் பதிவு செய்தால்தான் ஜிம் மாஸ்டர் என்ற கட்டாயம் இங்கே இல்லை. 1920-லேயே ஆரம்பித்த சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவரும் மாஸ்டர், பாட்டியாலாவில் 1961-லிருந்து இருக்கும் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் டிப்ளமோ வாங்கியவரும் மாஸ்டர், ஆன்லைனில் சனி ஞாயிறு ரெண்டு நாளில் சான்றிதழ் அச்சடித்தவரும் மாஸ்டர். சட்டகம் போட்டு மாட்டினால் தூரத்திலிருந்து எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். எங்கே, எத்தனை மாதம், பரீட்சை எப்படி என்று கேளுங்கள். ஒழுங்காகப் படித்தவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

அப்புறம் எல்லோரும் சொல்லும் அந்த வாதம்: "என் உடம்பைப் பாரு, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" இதில்தான் படித்தவர்களே வழுக்குகிறார்கள். 1996-ல் அமெரிக்காவில் ஷலேந்தர் பாசின் குழு செய்த ஆய்வு ஒன்று உண்டு. நாற்பது பேர் அளவில் ஆண்களைப் பிரித்து, சிலருக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி, சிலருக்கு வெறும் போலி ஊசி, அதிலும் பாதிப் பேருக்கு எடைப் பயிற்சி, பாதிப் பேருக்கு ஒன்றும் இல்லை என்று 10 வாரம் வைத்தார்கள். போலி ஊசியோடு ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை 2 கிலோ அளவில் கூடியது. மருந்து ஊசியைப் போட்டுக்கொண்டு பயிற்சியே செய்யாமல் இருந்தவர்களுக்கு 3 கிலோவுக்கு மேல் கூடியது. ரெண்டும் செய்தவர்களுக்கு 6 கிலோ. சும்மா இருந்தவன் வியர்வை சிந்தியவனைத் தாண்டிவிட்டான், கவனியுங்கள். ஊசி போடுகிற ஒருவரின் உடம்பு அவருடைய பயிற்சி முறைக்குச் சாட்சி ஆகாது.

ஊசி போடாதவர் என்றாலும் கணக்கு நேராக வராது. 2005-ல் 585 பேரை 12 வாரம் ஒரே மாதிரி கைப்பயிற்சி செய்யவைத்துப் பார்த்தார்கள். சிலருக்குப் புஜத்தின் அளவு கூடவே இல்லை, சிலருக்கு 50 சதவீதத்துக்கு மேல் கூடியது. பயிற்சி ஒன்றுதான், வித்தியாசம் பிறப்பிலும் உடம்புவாகிலும் வந்தது. அந்த 50 சதவீதக்காரர் நாளைக்கு நம்ம ஊரில் ஜிம் திறந்தால் 'என் மெத்தட்' என்றுதான் போர்டு வைப்பார், அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்புவார், அதனால்தான் அவரை மறுப்பது கஷ்டம்.

பொய் சொன்னவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 'லிவர் கிங்' என்று பேர் வைத்துக்கொண்ட பிரையன் ஜான்சன், பச்சை ஈரலைத் தின்று ஆதி மனிதன் மாதிரி வாழ்வதால்தான் இந்த உடம்பு என்று லட்சக்கணக்கான பேரை நம்பவைத்து, கூடவே ஈரல் மாத்திரையும் விற்றார். 2022 டிசம்பரில், ஸ்டீராய்டு எடுப்பதை அவரே வீடியோ போட்டு ஒப்புக்கொண்டார். அதற்கு முன்னால் நேரடியாகக் கேட்டபோதெல்லாம் இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னவர்.

நம்ம ஊர் ஜிம்மிலும் மூலையில் ஒரு குரல் வரும், "ஒரு சைக்கிள் போட்டா மூணு மாசத்துல ஆள் மாறிடும்" என்று. சைக்கிள் என்றால் சில வாரம் தொடர்ந்து ஸ்டீராய்டு ஊசி போடுவது. தம்பியிடம் இதை மட்டும் கடுமையாகச் சொன்னேன். இந்த ஊசிகள் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்துகள். வெளியிலிருந்து ஏற்றினால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும், விரை சுருங்கும், விந்தணு குறையும், நல்ல கொலஸ்ட்ரால் விழும், இதயத்துக்குச் சுமை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்டதும் பயல் தரையைப் பார்த்தான்.

டப்பா விஷயம் கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் இதில் நேர்மையான ஆட்களே ஒத்துப்போவதில்லை. ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது, 2024-ல் வந்த உணவு வழிகாட்டியில் தசை வளர்ப்பதற்காகப் புரதப் பொடி வேண்டாம் என்றும் சொன்னது. எடைப் பயிற்சி செய்கிறவர்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் 1.6 கிராம் வரை பலன் தெரிகிறது என்கிறார்கள். 70 கிலோ ஆளுக்கு முதல் கணக்கில் 58 கிராம், ரெண்டாவது கணக்கில் 112. ரெண்டையும் சொல்லி, "உனக்கு இடையில் எங்கேயோ" என்று சொல்கிறவரை நான் நம்புவேன். "கிலோவுக்கு மூணு கிராம், இல்லன்னா வேஸ்ட்" என்று அடித்துச் சொல்கிறவருக்கு அலமாரியில் டப்பா இருக்கும், போய்ப் பாருங்கள். உடற்பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் குடிக்காவிட்டால் போச்சு என்பதும் அதே அலமாரியிலிருந்து வருவதுதான். 2013-ல் ஷோன்ஃபெல்டும் கூட்டாளிகளும் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, குடிக்கும் நேரத்தை விட நாள் முழுக்கச் சாப்பிட்ட மொத்தப் புரதம்தான் வித்தியாசம் செய்தது.

நூறு கிராம் சாளையில் (மத்தி மீனில்) 20 கிராம் அளவு புரதம். ஒரு முட்டையில் 6. நூறு கிராம் காய்ந்த சிறுபயறில் 22, 24. புட்டுக்குப் பயறு, மரச்சீனிக்கு மீன் என்று எங்கள் பாட்டி சேர்த்துக் கொடுத்தது சும்மா இல்லை, அந்த மரவள்ளிக் கிழங்கில் நூறு கிராமுக்கு ஒன்றரை கிராம் புரதம்கூடத் தேறாது. குளச்சலில் வீடு இருக்கிறவன் பொடி வாங்குவதற்கு முன்னால் கடற்கரைக்கு ஒரு நடை போகலாம். இத்தனைக்கும் நான் பொடிக்கு எதிரி இல்லை, வே என்பது பாலிலிருந்து வரும் புரதம், அவசரத்துக்கு வசதி. ஆனால் கேரளத்தின் கல்லீரல் மருத்துவர் சிரியக் ஆபி பிலிப்ஸ் குழு இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024-ல் வெளியிட்ட ஆய்வில், 25 டப்பாக்களில் லேபிளில் போட்ட புரத அளவும் உள்ளே இருந்ததும் ஒத்துவரவில்லை. வாங்கினால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண்ணை அவர்கள் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள், சேர்மானப் பட்டியலில் கிளைசின், டாரின் என்று தனியாகச் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். மலிவான அமினோ அமிலத்தைப் போட்டு, சோதனையில் புரதம் கூடுதலாகத் தெரியவைக்கிற வேலை உண்டு.

சரி, போன் கோச்.

இதில் நல்லவர்கள் இருக்கிறார்கள், இலவசமாகவே நிறையக் கற்றுக்கொள்ளலாம், தலைக்கு மேல் எடையைத் தூக்கும் ஓவர்ஹெட் பிரஸ்ஸை நானே சரியாகச் செய்யக் கற்றது வீடியோ பார்த்துத்தான். பிரச்சினை வடிவத்தில் இருக்கிறது. முப்பது வினாடி ரீல்ஸில் 'ஆளைப் பொறுத்தது' என்ற வாக்கியத்துக்கு இடமில்லை, அதைச் சொல்கிறவரின் வீடியோ ஓடாது, 'இந்த மூணைச் சாப்பிடாதே' என்று விரலை நீட்டுகிறவருடையதுதான் ஓடும். ஆக நம் கண்ணில் படுகிற ஆட்களே நிச்சயமாகப் பேசுவதற்காகப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். ஆரோக்கிய விஷயம் பேசும் பிரபலங்கள் தங்கள் தகுதியைச் சொல்ல வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் மத்திய அரசின் நுகர்வோர் துறையும் விளம்பரத் தரக் கவுன்சிலும் வழிகாட்டுதல் போட்டன. நீங்கள் பின்தொடர்கிறவர் சொல்லியிருக்கிறாரா என்று ஒருமுறை பாருங்கள்.

தம்பியின் நண்பன் ஒருத்தன் ஒரு ஆன்லைன் கோச்சிடம் மூன்று மாதத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டியிருந்தான், அந்த பிடிஎஃப்பை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். முதல் பக்கத்தில் இவன் பேர், இவன் எடை. ரெண்டாம் பக்கத்தில் காலைக்கு ஓட்ஸ், மதியம் பிராக்கோலியும் கோழி நெஞ்சும், ராத்திரி அஸ்பாரகஸ். எங்கள் கருங்கல் ஊரில் அஸ்பாரகஸ் எந்தக் கடையில் தொங்குகிறது என்று எனக்குத் தெரியாது. நாலாம் பக்கத்தில் 'டியர்' என்று போட்டு வேறொருத்தன் பேர் இருந்தது. இவனுக்குப் பழைய தோள்பட்டை அடி உண்டு, அதைப் பற்றி ஒரு வரி இல்லை, கேட்டால்தானே எழுத முடியும். அதே கோச்சின் பக்கத்தில் 'முன்-பின்' படங்கள் ஐம்பதாவது இருக்கும். எத்தனை பேர் சேர்ந்து அந்த ஐம்பது என்பதுதான் எனக்கு வேண்டிய கணக்கு, பாதியில் விட்டவனின் படத்தை யாரும் போடுவதில்லை. வெளிச்சம் மேலிருந்து விழுந்து, உடற்பயிற்சி முடித்த சூட்டில் வயிற்றை உள்ளிழுத்துப் பிடித்தால் ஒரே மத்தியானத்தில் முன்னும் பின்னும் எடுக்கலாம்.

சித்தப்பாவைப் பிடித்தது காலை ஷேக் கிளப். பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிப் போனார், அதனால் மறுக்கவும் முடியவில்லை. போனதும் வெறுங்காலோடு ஒரு தராசில் ஏற்றி, கைப்பிடியைக் கொடுத்து, ஒரு சீட்டு எடுத்துக் கொடுத்தார்கள்: உடல் வயது 68. மனுஷன் ராத்திரி தூங்கவில்லை. அந்த மிஷின் செய்வது, லேசான மின்சாரத்தை உடம்புக்குள் விட்டு அது எவ்வளவு தடைபடுகிறது என்று பார்த்து, சூத்திரம் போட்டுக் கொழுப்பை ஊகிப்பது. ரெண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாலோ வியர்த்துவிட்டு வந்து ஏறினாலோ எண் ஆடும். 'உடல் வயது' என்று எந்த டாக்டரும் எழுதுவதில்லை, அது மிஷின் தயாரித்தவர் சொந்தமாகப் போட்ட கணக்கு. வயிறு எவ்வளவு என்று தெரிய ஒரு டெய்லர் டேப் போதும், இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கிற அளவு.

மாதம் 15 கிலோ குறைந்தவர் இருக்கிறார் என்றார்களாம். ஒரு கிலோ கொழுப்பு என்பது 7700 கலோரி அளவு. 15 கிலோவை 30 நாளில் கரைக்க ஒரு நாளைக்கு 3850 கலோரி பற்றாக்குறை வேண்டும். சித்தப்பா மாதிரி ஆள் ஒரு நாள் முழுக்கச் செலவழிப்பதே 2000, 2500தான், பட்டினி கிடந்தாலும் கணக்கு வராது. ஆரம்பத்தில் எடை மளமளவென்று இறங்குவது உண்மைதான், அதில் பெரும்பங்கு தண்ணீர்.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பொடியைக் கலக்கிக் குடித்துச் சர்க்கரையைக் குறைத்த ஆய்வு உண்மையிலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் 306 பேரை வைத்து நடந்தது, டைரக்ட் என்று பேர், 2017-ல் முடிவு வந்தது. சிலர் மூன்று முதல் ஐந்து மாதம், ஒரு நாளைக்கு 850 கலோரி அளவில் சூப்பும் ஷேக்கும் மட்டுமே எடுத்தார்கள், ஒரு வருஷ முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. கிளப்காரர்கள் இதை மேற்கோள் காட்டினால் ஆச்சரியப்பட மாட்டேன். ஆனால் அதில் சேர்த்தது நோய் வந்து ஆறு வருஷத்துக்கு உட்பட்ட, இன்சுலின் போடாதவர்களை மட்டும். ஆரம்பிக்கும்போதே டாக்டர் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார், நர்ஸோ டயட்டீஷியனோ தொடர்ந்து பார்த்தார்கள். சித்தப்பா போடுவது கிளிமிபிரைடு. அதைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைப் பாதியாக வெட்டினால் சர்க்கரை தாழ்ந்து, கை நடுங்கி, ரோட்டில் மயங்கி விழலாம். டாபாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை எடுக்கிறவர் கீட்டோ என்று மாவுச்சத்தை அறவே நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் ஏறி ஐ.சி.யு.வில் போய்ப் படுக்க வேண்டி வரலாம். "என்ன மாத்திரை போடுதீங்க என்று கேட்டாங்களா?" என்றேன். "இல்ல மக்களே, எத்தனை பேரைச் சேத்துவிட முடியும்ணு கேட்டாங்க" என்றார்.

நம்ம மாவட்டத்தில் ஆசானைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. அடிமுறை என்ற சண்டைக் கலையும், உடம்பின் வர்மப் புள்ளிகளைப் பிடித்துச் செய்யும் வைத்தியமும் இந்த மண்ணில் ஊறிய வித்தை, படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று சுவடியைப் பார்த்துச் சொல்லித்தருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். களரியில் ஒரு வருஷம் குனிந்து நிமிர்ந்த பையனின் இடுப்பும் முட்டியும் அசைவதைப் பார்த்தால் ஜிம் பையன்கள் வெட்கப்பட வேண்டும். சுளுக்கு, பிடிப்பு, தசை இறுக்கம் என்றால் நானே ஆசானிடம் போகிறவன். நல்ல ஆசான் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இது எலும்பு, படம் எடுத்திட்டு வா" என்று திருப்பி அனுப்புவார், அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை மதிக்கலாம். சர்க்கரை, பிரஷர், தைராய்டு, குழந்தையின்மை எல்லாம் ஒரே எண்ணெயில் தீரும் என்கிறவரும் தன்னை ஆசான் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். முதுகு வலியோடு காலில் மரப்போ, சிறுநீர் கட்டுப்படாமல் போவதோ இருந்தால் எந்த ஆசானும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பிசியோதெரபிஸ்ட், டயட்டீஷியன், டாக்டர் என்ற படித்த வரிசை சித்தப்பாவுக்குச் சரியான இடம். பிசியோ படிப்பு நாலு வருஷத்துக்கு மேல், மூட்டும் தசையும்தான் அவர்கள் தொழில், விற்க டப்பா கிடையாது. 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு, தேவைப்படுகிறவர்களுக்குப் பிசியோவும் வருகிறார்கள், ஊரில் பாதிப் பேர் அதை உபயோகிப்பதில்லை. ஆனால் பட்டம் இருந்தால் எல்லாம் தெரியும் என்பதும் இல்லை. எடை தூக்கினால் முட்டி தேய்ந்துவிடும் என்று எம்.பி.பி.எஸ். படித்தவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன், அளவாக ஏற்றிச் செய்தால் முட்டியைச் சுற்றிய தசை வலுத்து வலி குறையும் என்றுதான் மூட்டுத் தேய்மானக்காரர்களுக்கே உடற்பயிற்சி கொடுக்கிறார்கள். மருந்தைப் பற்றி டாக்டர் சொன்னால் அப்படியே கேளுங்கள், பென்ச் பிரஸ் பற்றிச் சொன்னால் கொஞ்சம் விசாரியுங்கள். 'நியூட்ரிஷனிஸ்ட்' என்று போர்டு பார்த்தால் என்ன படித்தார் என்று கேட்டுவிடுவது நல்லது, அந்தப் பேரை யாரும் போட்டுக்கொள்கிறார்கள்.

யாரும் வேண்டாம், நானே நடக்கிறேன் என்பதும் ஒரு வழி, அதைக் கேலி செய்கிறவர்கள்தான் அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, கூட ரெண்டு நாள் தசைக்கு வேலை. இதற்கு மாஸ்டரும் வேண்டாம், டப்பாவும் வேண்டாம். 2023 நவம்பரிலிருந்து 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதையை அரசு குறித்துக் கொடுத்திருக்கிறது. குளச்சல்காரருக்குக் கடற்கரையே இருக்கிறது. தசைக்கு ரெண்டு நாள் என்ற பாதியைத்தான் நடக்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார்வதிலிருந்து அதை ஆரம்பிக்கலாம். ஒரே தொந்தரவு, காலையில் நடக்கிற கூட்டமே ஒரு பல்கலைக்கழகம். கொள்ளு, வெந்தயம், பின்னோக்கி நடப்பது, சுரைக்காய்ச் சாறு என்று ரவுண்டுக்கு ஒரு பாடம். சுரைக்காய்ச் சாறு கசந்தால் துப்பிவிடுங்கள், கசப்புச் சாற்றைக் குடித்து இந்தியாவில் ஆள் செத்திருக்கிறது. வயிற்றுக்கு நூறு சிட்டப் என்று சொல்கிறவரும் அங்கே இருப்பார். எந்த இடத்துக்கு வேலை கொடுக்கிறோமோ அங்கே கொழுப்பு கரையும் என்றால் டென்னிஸ்காரர்களுக்கு ஆடும் கை மட்டும் கொழுப்பில் மெலிந்திருக்க வேண்டும், 1971-லேயே அளந்து பார்த்தார்கள், ரெண்டு கையிலும் தோலடிக் கொழுப்பு ஒரே அளவுதான்.

சித்தப்பாவுக்கு என் கணக்கு இது: கிளப் வேண்டாம். மாத்திரைச் சீட்டோடு போய், சாப்பாட்டைக் குறைக்கப் போகிறேன், மாத்திரையை மாற்றணுமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு நடையை ஆரம்பிப்பது. ஒரு மாதம் பழகியபின் பிசியோ ஒருத்தரிடம் ரெண்டு மூன்று தடவை போய்த் தசைக்கான பயிற்சியைக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்வது. சட்டைப் பையில் மிட்டாய் ரெண்டு, நடுக்கம் வந்தால் வாயில் போட. பக்கத்து வீட்டுக்காரரிடம் டாக்டர் ஷேக் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதாகச் சொல்லலாம், உறவும் கெடாது.

தம்பிக்கு ஜிம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆன்லைன் கோச்சுக்குக் கொடுக்கிற பணத்தில் மாதக்கணக்கில் மீன் வாங்கலாம். ரெண்டு மூன்று ஜிம்முக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா நின்று பார்க்கச் சொன்னேன், மாஸ்டர் போனைப் பார்க்கிறாரா பையன்களைப் பார்க்கிறாரா என்று. சேருவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: "எனக்குத் தோள்பட்டை வலி இருக்கு, என்ன செய்யலாம்?" எங்கே வலி, எப்போது வலி என்று திருப்பிக் கேட்டால் உட்காரலாம், உடனே மருந்தோ டப்பாவோ பேர் சொன்னால் செருப்பை மாட்டலாம். வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் பாதி விலை என்பார்கள், முதலில் மாதக் கட்டணமே கட்டட்டும், பிடிக்காத மாஸ்டரை விட்டு வரும் சுதந்திரத்துக்கு அந்தக் கூடுதல் விலை தகும். பொடி வாங்குவதை மூன்று மாதம் தள்ளிப்போடலாம், அதற்குப் பிறகும் ஏதாவது வாங்கியே தீர வேண்டும் என்றால் தசைக்குச் சட்டென்று சக்தி கொடுக்கும் கிரியாட்டின் மோனோஹைட்ரேட் பொடி, ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிராம், அதிகம் ஆராயப்பட்டதும் விலை குறைந்ததும் அதுதான். அது எடுக்கும்போது இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தைச் சோதிக்கப் பார்க்கும் கிரியாட்டினின் அளவு கொஞ்சம் ஏறித் தெரியலாம், வளைகுடா மெடிக்கலுக்குப் போகும்போது லேபில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகம் போச்சு என்று வீட்டையே அலற வைத்துவிடுவார்கள்.

ஆணழகன் போட்டியில் ஏற வேண்டும் என்றும் ஒரு ஆசை அவனுக்கு மனதில் இருக்கிறது போல. அது வேறு பாதை, அதற்கு மேடை ஏறி இறங்கிய ஆள்தான் வேண்டும், நான் சொல்லக் கூடாது. அந்த மாஸ்டரிடமே கேட்டுக்கொள் என்று விட்டுவிட்டேன்.